பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார்: மூன்றில் எதை வாங்குவது?

பண்ணவாடிக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பில், கொளத்தூர்ப் பக்கத்துக் கரையிலிருந்து, உரிமம் பெற்று மீன் பிடிக்கும் குடும்பம் எங்களுடையது. அப்பாவின் காலம் முழுவதும் பரிசலிலேயே கழிந்தது. இப்போது 16 அடி நீளமுள்ள ஃபைபர் படகு ஒன்றை வாங்கித் துடுப்புப் போட்டு ஓட்டி வருகிறோம். ஆடிக் காற்று எழுந்துவிட்டால் இரண்டு பேர் சேர்ந்து துடுப்புப் போட்டாலும் படகு நின்ற இடத்தை விட்டு நகர்வதில்லை. ஆகவே படகின் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டும் பழைய அவுட்போர்டு மோட்டார் ஒன்றை வாங்கலாம் என்று இருக்கிறோம்.

டூ ஸ்ட்ரோக்தான் வேண்டும் என்று முடிவு செய்ததற்குக் காரணம் எடை. மோட்டாரைக் கரையில் விட்டுவிட்டு வர முடியாது. தினமும் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும். கோடையில் அணை நீர் இறங்கும்போது தண்ணீருக்கும் வண்டி நிற்கும் இடத்துக்கும் நடுவே வெகுதூரம் சேறும் வெடித்த வண்டலுமாகக் கிடக்கும். அதன் மேல் தோளில் சுமந்து வந்து, டிவிஎஸ் எக்ஸெல் வண்டியில் கட்டித்தான் எடுத்துச் செல்ல முடியும்.

விலைக்கு மூன்று மோட்டார்கள் வந்திருக்கின்றன. முதலாவது, கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் ஓடிய யமஹா எண்டியூரோ 15 குதிரைத்திறன், பெட்ரோல் மாடல், நீள ஷாஃப்ட் (தண்ணீரைத் தள்ளும் விசிறிவரை இறங்கும் கால் நீளமானது). இரண்டாவது, ஆலப்புழைக் காயலில் ஓடிய 8 குதிரைத்திறன் மண்ணெண்ணெய் மாடல்; மூன்றிலும் விலை குறைந்தது இதுவே. மூன்றாவது, கோவையில் ஒருவர் பொழுதுபோக்குக்காக வைத்திருந்து, பிறகு பல ஆண்டுகளாகக் கொட்டகையில் கிடக்கும் ஜான்சன் 9.9, குட்டை ஷாஃப்ட். பார்ப்பதற்குப் புதியது போலவே இருக்கிறது. எங்கள் படகின் பின்பலகை உயரம், மோட்டார் மாட்டும் இடத்தில் அளந்தால், 15 அங்குலம் இருக்கிறது. ஆள், வலை, மீன், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்த்தால் சுமை 300 கிலோவைத் தாண்டும். எதை வாங்கலாம், வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று விவரம் அறிந்த அண்ணன்மார்கள் சொல்ல வேண்டுகிறேன்.

முட்டம் மெக்கானிக்:

தம்பி, கடற்கரையில் இந்த மோட்டார்களைப் பிரித்து மாட்டுவதே என் தொழில் என்பதால், கடல் மோட்டார் என்றதும் உங்கள் ஊரில் உண்டாகும் பயத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உப்புத் தண்ணீரில் ஓடியது என்பது மட்டும் ஒரு மோட்டாரை ஒதுக்கி வைக்கக் காரணமாகாது. நாள்தோறும் ஓடி, கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவப்பட்ட மோட்டார், கொட்டகையில் எண்ணெய் காய்ந்து கிடந்த மோட்டாரைவிட உள்ளே நன்றாக இருக்க வாய்ப்புண்டு. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் பேரிங்குகளுக்குத் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய்தான் அவற்றை நனைக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் அந்த எண்ணெய்ப் படலம் காய்ந்து, மழைக்காலத்து ஈரத்தில் பேரிங் துருப்பிடித்துவிடும். வெளியே பெயிண்ட் பளபளப்பதைப் பார்த்து இதை அறிய முடியாது.

கடல் மோட்டாரில் பார்க்க வேண்டியது, கழுவினார்களா இல்லையா என்பதுதான். சிலிண்டர் ஹெட்டின் போல்ட்டுகளையும் தெர்மோஸ்டாட் மூடியின் போல்ட்டுகளையும் பாருங்கள். அலுமினியத்தைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தாலோ, போல்ட் தலை உடைந்து வேறு போல்ட் போட்ட அடையாளம் இருந்தாலோ, உள்ளே தண்ணீர் ஓடும் வழிகளில் உப்பு கட்டியிருக்கும் என்று கொள்ளலாம். புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் அதையே சந்தேகத்துக்குரியதாக எடுத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக போல்ட் தலைகளின் மேலும் பெயிண்ட் படிந்திருந்தால். துத்தநாகத் துண்டு ஒன்று மோட்டாரின் கீழ்ப்பகுதியில் மாட்டியிருக்கும்; மோட்டாரின் அலுமினியத்துக்குப் பதிலாக அது அரிபடுவதற்காகவே வைக்கப்படுவது. அது பாதி அரிபட்டிருந்தால் நல்ல செய்தி, தன் வேலையைச் செய்திருக்கிறது. அது இருந்த இடமே வெறுமையாக இருந்தால் அரிபட்டது மோட்டாரின் உடம்புதான்.

அடுத்தது கியர் பாக்ஸ். மோட்டாரை இரவு முழுவதும் அசையாமல் நிமிர்த்தி நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். காலையில் அடிப்பக்கத்து ஸ்க்ரூவை மெல்லத் தளர்த்தினால், தண்ணீர் புகுந்திருக்குமானால் எண்ணெய்க்கு முன் தண்ணீர்தான் சொட்டும். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தாலும் தண்ணீர் புகுந்திருக்கிறது என்றே பொருள். இரும்புத் துகள் பளபளத்தால் கியர் தேய்ந்திருக்கிறது. உங்கள் பக்கத்தில் நைலான் நரம்பு வலை விரிப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன்: விசிறியைக் கழற்றி ஷாஃப்ட்டைப் பாருங்கள். விசிறிக்குப் பின்னால் நரம்பு சுற்றிக்கொண்டால் அது ஆயில் சீலை அறுத்துவிடும், அதன் வழியேதான் பெரும்பாலும் தண்ணீர் உள்ளே போகிறது. வாங்கிய பிறகும் அவ்வப்போது கழற்றிப் பார்க்க வேண்டிய இடம் அது.

மோட்டாரைப் பார்க்கப் போகும்போது, நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்து வைக்கக் கூடாது என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் காலைப்பொழுதில் கயிறு இழுத்து அவர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

லேத்துக்காரர், கோவை:

முட்டம் அண்ணன் சொன்னதை ஒட்டிச் சில விவரங்களைச் சேர்க்கிறேன். நான் பம்ப் செட்டும் லேத்துமாக இருப்பவன். ஆனால் அணைகளில் ஓடும் மோட்டார்கள் சில என் கைக்கும் வருவதுண்டு.

கொங்கு நாட்டில் எந்த இயந்திரத்தையும் பிரித்துப் பூட்ட ஆள் இருக்கிறது என்ற துணிச்சலில் இவற்றை வாங்கிவிடுகிறார்கள். அந்தத் துணிச்சல் பாதி சரி. ஆர்எக்ஸ் 100 வண்டியைப் பிரித்த மெக்கானிக் எவரும் இதன் பிஸ்டன், ரிங், கார்புரேட்டர் ஆகியவற்றைப் பார்த்து மிரள மாட்டார். ஆயில் சீல்கள் பலவும் அளவு எண் பொறித்தவை என்பதால் ஈரோட்டிலோ கோவையிலோ பேரிங் கடையில் எண்ணைச் சொல்லி வாங்கிவிடலாம். விசிறிக்குக் கீழே துடுப்புப் போல நீட்டிக்கொண்டிருக்கும் தகடு உடைந்திருந்தால் ஆர்கான் வெல்டிங்கில் சரிசெய்யலாம். ஆனால் தண்ணீர் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர், ஹெட் கேஸ்கெட், கியர் ஜோடி, கிளட்ச் ஆகியவற்றை லேத்தில் செய்ய முடியாது. அவை அந்தந்த மாடலுக்கென்றே வர வேண்டும். எனவே மோட்டாருக்குப் பணம் கொடுக்குமுன், அதே மாடல் எண்ணைச் சொல்லி இம்பெல்லர் ஒன்றை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ள முடிகிறதா என்று பாருங்கள். இம்பெல்லரே கிடைக்காத மோட்டாருக்கு மற்றவை கிடைக்கும் என்று நம்ப வேண்டியதில்லை.

ஜான்சன், எவின்ரூட் இரண்டும் ஒரே குடும்பத்துப் பெயர்கள். எவின்ரூட் அவுட்போர்டு தயாரிப்பு 2020-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. உலகம் முழுவதும் இவை லட்சக்கணக்கில் ஓடியதால் உதிரி பாகங்கள் வெளிநாட்டில் இன்னும் கிடைக்கின்றன. ஆனால் ஆடி மாதத்தில் நின்றுபோன மோட்டாருக்குப் பார்சல் வந்து சேரும்வரை உங்கள் வலை கரையில்தான் கிடக்கும். வாரம் ஒருநாள் ஓட்டுபவருக்கு அது பொருட்டில்லை, பிழைப்புக்கு ஓட்டுபவருக்கு அதுவே எல்லாம். நான் மூன்றாவதை விட்டுவிடச் சொல்வது இதனால்தான், அதன் தரத்தில் குறை கண்டு அல்ல.

மண்ணெண்ணெய் மாடலைப் பற்றி: அதில் கம்ப்ரஷன் விகிதத்தை, அதாவது சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் அளவை, தாழ்த்தியே வைத்திருப்பார்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மறுபடியும் பெட்ரோலுக்கு வர வேண்டும். மண்ணெண்ணெய் கார்புரேட்டரில் தங்கிவிட்டால் மறுநாள் ஸ்டார்ட் ஆகாது. கரி படிந்து ரிங்குகள் அவற்றின் பள்ளத்திலேயே இறுகிக்கொள்வதும் இதில் அதிகம். மண்ணெண்ணெய் கிடைக்கும் கடற்கரையில் இந்தத் தொல்லைகளுக்கு ஈடாகச் செலவாவது மிச்சமாகிறது. கொளத்தூரில் எங்கே போய் வாங்குவீர்கள்? பெட்ரோலிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்றால், தாழ்ந்த கம்ப்ரஷனுக்குப் பெட்ரோல் விலை கொடுப்பதாகவே முடியும்.

கம்ப்ரஷன் கேஜ் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி, அவற்றின் வயர்களை இன்ஜின் உடம்போடு எர்த் செய்து, ஆக்ஸிலேட்டரை முழுதும் திறந்து வைத்து, முள் மேலே ஏறாமல் நிற்கும்வரை கயிறு இழுக்க வேண்டும். வரும் எண் எவ்வளவு என்பதைவிட, இரண்டு சிலிண்டருக்கும் இடையே உள்ள வேறுபாடு முக்கியம்; அது பத்தில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. மண்ணெண்ணெய் மாடலின் எண்ணைப் பெட்ரோல் மாடலின் எண்ணோடு ஒப்பிட்டு, தேய்ந்துவிட்டது என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

பவானி ஆற்றோரம்:

கேட்ட கேள்விக்கு வெளியே போவதாக நினைக்க வேண்டாம். ஆனால் டூ ஸ்ட்ரோக்தான் என்று முன்பே முடிவு செய்துவிட்டுப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக்கில், உள்ளே வரும் புதுக் கலவையில் ஒரு பகுதி எரியாமலேயே எக்ஸாஸ்ட் வழியாக வெளியேறுகிறது. குடிக்கும் எரிபொருளில் கால் பங்குக்கு மேலும் இவ்வாறு போவதுண்டு. அவுட்போர்டில் எக்ஸாஸ்ட் திறப்பதே தண்ணீருக்குள்தான். அந்த அணைத் தண்ணீர்தான் காவிரிக் கரையிலுள்ள எத்தனையோ ஊர்களின் குடிநீர்த் திட்டங்களுக்குப் போகிறது. உங்கள் மீனும் அதில்தான் வளர்கிறது. பல நாடுகளில் புதிய கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக்குகள் விற்பனையிலிருந்து மறைந்ததற்குப் புகைக் கட்டுப்பாட்டு விதிகளே காரணம்.

செலவுக் கணக்கும் இதில் இருக்கிறது. 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக்கை முழு வேகத்தில் ஓட்டினால் மணிக்கு 5 லிட்டருக்கு மேல் குடிக்கும். அதே திறனுள்ள ஃபோர் ஸ்ட்ரோக் கணிசமாகக் குறைவாகவே குடிக்கும், பெட்ரோலில் கலக்கும் டூ டி ஆயில் செலவும் இல்லை. மேலும் மோட்டார் பொருத்துவதற்கு உங்கள் உரிமத்தில் இடமிருக்கிறதா என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு பணத்தை எடுங்கள்.

பண்ணவாடிக்காரன்:

அனைவருக்கும் நன்றி. உரிமம் பற்றி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பதில் வந்த பிறகே பணம் கொடுப்போம். பவானி அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் 35 முதல் 40 கிலோவுக்குள் இருக்க, ஃபோர் ஸ்ட்ரோக் 50 கிலோவை ஒட்டி வருகிறது. அந்த வித்தியாசத்தைச் சேற்றில் முழங்கால் புதைய நடந்து பார்த்தால்தான் தெரியும். பழைய ஃபோர் ஸ்ட்ரோக் எங்கள் விலைக்கு வருவதும் இல்லை. அப்படியானால் 15-க்குப் பதிலாக 8 அல்லது 9.9 பெட்ரோல் மாடலைத் தேடலாமா?

முட்டம் மெக்கானிக்:

தேடலாம், ஆனால் 9.9 என்றாலே எடை குறையும் என்று எண்ணிவிடாதீர்கள். பல கம்பெனிகளில் 9.9-ம் 15-ம் ஒரே பிளாக். யமஹாவிலும் இரண்டுக்கும் 246 சிசிதான். கார்புரேட்டர் போன்றவற்றில்தான் வேறுபாடு, தோளில் ஏறும் கனம் ஏறக்குறைய ஒன்றே. எடை உண்மையிலேயே குறைய வேண்டுமானால் 8-க்கு இறங்க வேண்டும். அது 30 கிலோவுக்குள் அடங்கும்.

உங்கள் வேலைக்கு 8 போதுமா என்றால், பெரும்பாலும் போதும். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் படகுக்கு அதன் நீளமே ஒரு வேக வரம்பை விதிக்கிறது. 16 அடிப் படகுக்கு அது மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். அதைத் தாண்ட வேண்டுமானால் படகு தண்ணீரின் மேல் எழும்பி வழுக்க வேண்டும். 300 கிலோ சுமையோடு 15 குதிரைத்திறனில் அது எழும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். எழும்பாத படகில் 15-ஐ முழுதும் முறுக்கினால் கூடுவது அலையும் பெட்ரோல் செலவும் மட்டுமே. இருந்தாலும் எதிர்காற்றில் பாதி ஆக்ஸிலேட்டரில் நிதானமாகப் போக 15 உதவும் என்பதும் உண்மை. பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்த விசிறியைப் போட்டுக்கொண்டால் இரண்டுமே சுமை இழுக்கும்.

பண்ணவாடிக்காரன்:

இந்த வாரம் கடற்கரைக்குப் போய் 15-ஐப் பார்த்துவிட்டு வந்தோம். முன்கூட்டி ஸ்டார்ட் செய்யாமல் குளிர்ந்தே வைத்திருந்தார்கள், சில இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. கம்ப்ரஷன் ஒரு சிலிண்டரில் 112, மற்றதில் 106. போல்ட்டுகள் சுத்தமாக இருக்கின்றன, துத்தநாகத் துண்டும் பாதி இருக்கிறது. கியர் எண்ணெய் மட்டும் பால் நிறமாக வந்தது; இரும்புத் துகள் எதுவும் கண்ணில் படவில்லை. இன்ஜினைக் குளிர்வித்து வெளியே வரும் தண்ணீர் பக்கத் துளையில் வருகிறது, ஆனால் மெலிதாக. விற்பவர், இதெல்லாம் எல்லா மோட்டாரிலும் இருப்பதுதான் என்கிறார். விட்டுவிடலாமா?

லேத்துக்காரர், கோவை:

விட்டுவிட வேண்டாம், விலையைக் குறையுங்கள். 112-க்கும் 106-க்கும் உள்ள வேறுபாடு கவலைக்குரியதல்ல; பிழைப்பு நடத்த வேண்டிய மேல்பகுதி நலமாக இருக்கிறது. மெலிதான தண்ணீருக்கு இம்பெல்லர் தேய்ந்தது காரணமாக இருக்கலாம், அல்லது அந்தத் துளையிலேயே உப்போ மண்ணோ அடைத்திருக்கலாம். மெல்லிய கம்பியை உள்ளே விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். எப்படியும் பழைய மோட்டார் வாங்கியதும் இம்பெல்லரை மாற்றிவிட வேண்டும்.

பால் நிற எண்ணெய்க்கு, விசிறி ஷாஃப்ட் சீல், மேலிருந்து வரும் ஷாஃப்ட்டின் சீல், எண்ணெய் ஸ்க்ரூக்களின் வாஷர் ஆகிய மூன்றில் ஒன்று காரணமாகும். எண்ணெய் முழுதும் வடிந்த பிறகு, கைப்பம்ப்பால் கொஞ்சம் காற்றை உள்ளே அழுத்தி, அடிப்பகுதியைத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்க வைத்தால் குமிழி வரும் இடமே குற்றவாளி. சீல் விலை பெரிதல்ல. ஆனால் தண்ணீரோடு எவ்வளவு காலம் ஓடியது என்பது தெரியாததால், பேரிங்கில் துரு இருக்கக்கூடும். ஃபார்வர்டு கியரில் போட்டு, சுமையோடு முழு ஆக்ஸிலேட்டரில் பத்து நிமிடம் தண்ணீரில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். டிரம்முக்குள் ஓட்டிக் காட்டுவது இதற்கு உதவாது. அங்கே சுமை இல்லை. கியர் நழுவித் துள்ளினாலோ, அடியிலிருந்து ஊளைச் சத்தம் கேட்டாலோ, அப்போது விட்டுவிட்டு வாருங்கள். நிறுத்திய உடனே, சூட்டோடு மறுபடி ஸ்டார்ட் செய்தும் பாருங்கள்.

முட்டம் மெக்கானிக்:

அண்ணன் சொன்னது சரி. பில்லும், மோட்டார் மாட்டும் பிடிமானத்தில் உள்ள எண் தகடும் ஒத்துப்போகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். தகடு பிடுங்கப்பட்டிருந்தால் பேச்சே வேண்டாம்.

நீள ஷாஃப்ட் 20 அங்குலப் பலகைக்கானது. உங்கள் 15 அங்குலப் பலகையில் அப்படியே மாட்டினால் விசிறி 5 அங்குலம் கூடுதலாக ஆழத்தில் நிற்கும். நீர் இறங்கும்போது அணையில் மூழ்கிய நந்தி சிலையும் கோபுரமும் தலைகாட்டும் உங்கள் பண்ணவாடிக் கரையில் அந்த 5 அங்குலம் பாறைக்கு இரையாகும். நல்ல மரக்கட்டையைப் பின்பலகையின் மேல் போல்ட் போட்டு இறுக்கி உயர்த்துங்கள். இருபக்கமும் ஃபைபர் போட்டு மூடி, உள்பக்கம் ஒரு முட்டும் கொடுத்துவிடுங்கள், ஏனெனில் உயரம் கூடக்கூடப் பலகையின் மேல் விழும் விசையும் கூடும். விசிறிக்கு மேலே உள்ள தட்டை இறக்கை படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ, அதிலிருந்து ஓர் அங்குலம் கீழாகவோ நிற்க வேண்டும் என்பதே அளவு.

எண்ணெயை மறந்துவிடாதீர்கள். பைக்குக்கு விற்கும் டூ டி ஆயில் காற்றில் குளிரும் இன்ஜினுக்கானது. அதை ஊற்றினால் கரி அதிகம் சேரும். தண்ணீரில் குளிரும் இன்ஜினுக்கான டிசி-டபிள்யூ3 என்று பொறித்த டப்பாவைக் கேட்டு வாங்குங்கள். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. மோட்டாரின் புத்தகத்தில் அல்லது தகட்டில் வேறு அளவு இருந்தால் அதன்படி செய்யுங்கள். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு வரை இருப்பதால் பழைய எரிபொருள் குழாயையும் கைப்பம்ப் உருண்டையையும் புதிதாக மாற்றிவிடுங்கள். கலந்த பெட்ரோலை வாரக்கணக்கில் கேனில் வைக்கவும் கூடாது. எத்தனால் ஈரத்தை இழுத்துப் பிரிந்து அடியில் தங்கினால், அந்த அடுக்கில் எண்ணெய் இருக்காது, அதை உறிஞ்சிய இன்ஜின் சீஸ் ஆகி (பிஸ்டன் இறுகி) நின்றுவிடும். ஒரு வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டர் காலியாகித் தானாக நிற்கும்வரை தண்ணீர் டிரம்மில் ஓட்டிவிடுங்கள். டிரம்மில் தண்ணீர் அந்தத் தட்டை இறக்கைக்கு மேல் நிற்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் சத்தம் கேட்பதற்காக ஓட்டிக் காட்டினால் புது இம்பெல்லர் சில நொடிகளிலேயே கருகிவிடும். ஊரில் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கேட்பார்கள், கொடுத்துவிடாதீர்கள்.

பண்ணவாடிக்காரன்:

சீல், இம்பெல்லர், குழாய் மூன்றின் செலவையும் கழித்துக்கொண்டு விலை சொல்லியிருக்கிறோம். பத்து நிமிடம் சுமையோடு ஓட்டிக் காட்ட விற்பவர் ஒப்புக்கொண்டார். விசிறியை அவர் கண்ணெதிரிலேயே கழற்றிப் பார்த்துவிடுகிறோம். 15 அங்குலப் பலகைக்கு மேல் வைக்க வேம்பு ஆகுமா, தேக்கே வேண்டுமா?

முட்டம் மெக்கானிக்:

தேக்கு கிடைத்தால் தேக்கு. இல்லாவிட்டால் நன்றாகக் காய்ந்த எந்த உறுதியான மரமும் ஆகும். நாலாபக்கமும் ஃபைபர் மூடி, போல்ட் துளைகளுக்கு உள்ளேயும் ரெசின் ஊற்றிவிடுங்கள். துளை வழியாகத்தான் மரம் தண்ணீர் குடிக்கும்.

பவானி ஆற்றோரம்:

அந்தப் பலகையைச் செய்யும்போதே மோட்டாரிலிருந்து படகுக்கு ஒரு பாதுகாப்புச் சங்கிலி போட வளையம் ஒன்றையும் பதித்துவிடுங்கள். பிடிமானத் திருகுகள் அதிர்வில் தளர்வது புதிதல்ல. மேட்டூரின் ஆழத்தில் விழுந்தால் எடுத்துத்தர ஆள் இல்லை.